ஹலிபாக்ஸிலிருந்து அஜக்ஸுக்கு ஒரு பழைய யப்பான் வான்

போன கிழமை கடை வளவில் ஒரு தம்பி எங்கள் வானை மறித்துக் கேட்டார். உது ஊரில் ஓடுகிற டொல்பின் வான் எல்லோ, எங்கே எடுத்தனீங்கள், எவ்வளவு முடிந்தது, ஒன்ராறியோவில் பதிய விடுவார்களோ என்று. அதற்கு முதல் டீசல் அடிக்கிற இடத்தில் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். எல்லாருக்கும் நின்று விளக்கம் சொல்ல என் முழங்கால் விடாது. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கணக்கு சரியாக இருக்கும். பில்லுகளை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வான் என் பேத்தி நிரோஜாவினுடையது. அவள் நேர்ஸ், கால் பார்க்கிற நேர்ஸ். அதைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. சலரோகம், அதுதான் நீரிழிவு, முற்றின ஆளுக்குக் கால் விறைத்துப் போயிருக்கும், காயம் வந்தாலும் தெரியாது. நகம் வெட்டினது பிழைத்துப் புண்ணாகி, புண் எலும்புக்குப் போய், பிறகு காலையே எடுக்க வேண்டி வரும். நிரோ நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் அப்படிக் கால் எடுத்த ஆக்களுடன் வேலை செய்தவள். எல்லாரும் பிந்தி வருகிறார்கள், நான் முந்திப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லி, நல்ல வேலையை விட்டுப்போட்டுத் தனியாகத் தொடங்கினாள். எங்கள் குடும்பத்தில் சொந்தத் தொழில் தொடங்கின முதல் ஆள் அவள். இதை நான் காண்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லுகிறனான், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

அவள் வீடு வீடாகப் போவாள். ஆனால் எங்கள் வயசாளிகள் கனபேர் பேஸ்மென்ற்றில். வெளிச்சம் இல்லை, தண்ணீர்ப் பேசின் வைக்க இடமில்லை. சிலர் வெட்கத்தில் கதவே திறக்கமாட்டார்கள். அப்படித் திறக்காத ஆள்தான் சவிரியண்ணை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க மனிசன், என்னைவிட மூன்று வயது மூப்பு. நாங்கள் அகதியாக வந்த புதிதில் நகரத்துக்குள், பார்க்டேலில், அவருக்குக் கீழ் மாடியில் இருந்தோம். நாங்கள் ஸ்காபுரோ போய், பிறகு அஜக்ஸில் வீடு வாங்கினோம். அவர் கல்யாணம் கட்டவில்லை, அங்கேயே ஒரு வாடகை அறையில் நின்றுவிட்டார். றெஸ்ரோரன்ற்றில் கோப்பை கழுவிக் கழுவி, நின்ற நிலையிலேயே வயசு போனது. அந்தக் கட்டிடம் முழுக்க மூட்டைப்பூச்சி. தன்னுடைய அறைக்குள் ஒருத்தரும் வரப்படாது என்பதில் அவர் உறுதி. கனகாலமாகச் சலரோகம், ஆனால் கிளினிக்குக்கும் போகமாட்டார். ஒரு வானுக்குள் கதிரையும் சுடுதண்ணீரும் வைத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கே வந்தால் இறங்கி வருவீர்களோ என்று நிரோ கேட்டாள். அதற்கு ஓம் என்றார். வான் வாங்கின கதை அங்கே தொடங்குகிறது.

உயரக்கூரை வான் புதிதாக வாங்க எங்களால் ஏலாது. பதினைந்து வயது தாண்டின வண்டியை யப்பானிலிருந்து இறக்கலாம் என்று நிரோவின் தகப்பன், என் மருமகன், கண்டுபிடித்தார். அவர் ஊரில் இதே மாதிரி வான் ஓட்டினவர். ஏலத்தில் விடுகிற வண்டிகளின் படங்களை வீட்டுத் தொலைக்காட்சியில் பெரிதாக்கிப் போட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை குடும்பமே இருந்து பார்த்தோம். மருமகன் தகரத்தில் கறள், துரு இருக்கோ என்று பார்த்தார். மகள் விலை பார்த்தாள். நிரோ உள்ளே எவ்வளவு அகலம், ஆள் நிமிரலாமோ என்று பார்த்தாள். நான் ஏறுகிற படி உயரமோ என்று பார்த்தேன். கடைசியில் 1997ஆம் ஆண்டு வெள்ளை வான் ஒன்று, டீசல். கப்பல் கூலியோடு ஹலிபாக்ஸ் துறைமுகம் வந்து சேர 9,850 டொலர்.

ஒக்ரோபர் கடைசியில் கப்பல் வந்தது. ட்ரக்கில் ஏற்றி அனுப்ப 2,400 கேட்டார்கள். நாங்களே போய் ஓட்டி வருவோம் என்றாள் நிரோ. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நான் போனேன். வலப்பக்கம் ஸ்ரியரிங் உள்ள வண்டியில் இடப்பக்கம் ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். விமானம் ஓராளுக்கு 164 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே.

முதலில் சுங்க அலுவலகம். யப்பான் பதிவுப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, வாங்கின பில், கப்பல் பத்திரம் எல்லாம் கொண்டு போகவேண்டும். அவர்கள் முத்திரை குத்தித் தருகிற இறக்குமதிப் படிவம் இல்லாவிட்டால் ஒன்ராறியோவில் பதிய முடியாது. கவனமாக வைத்துக்கொள்ளுங்கோ. வண்டியின் அடியில் மண் ஒட்டியிருந்தாலும் விடமாட்டார்கள். அனுப்ப முதலே அடியைக் கழுவச் சொல்லி எழுத்தில் கேளுங்கோ. எங்களுடையது கழுவித்தான் வந்தது. பிறகு துறைமுகத்துக்கு அக்கரையில், வண்டிகள் இறக்கி வைக்கிற யார்ட்டில் வானை எடுத்தோம். பற்றரி செத்திருந்தது, புதிது 189. வீட்டுக்குக் கொண்டு வருகிற நாட்களுக்கு மட்டும் தற்காலிக அனுமதியும் இன்சூரன்ஸும் நிரோ முன்னமே எடுத்து வைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு வெளிக்கிட்டோம். அஜக்ஸ் வரை 1,750 கிலோமீற்றர், மூன்று நாள் என்று கணக்கு. முதல் இரண்டு மணித்தியாலம் எனக்குச் சந்தோசம்தான். ஸ்ரியரிங் இல்லாத பக்கத்தில் நான் இருக்க, எதிரே வருகிறவர்கள் ஆள் ஓட்டாத வண்டி என்று பார்த்துப் பயந்தார்கள். கோப்பிக் கடை யன்னலில் என் கையில்தான் கோப்பையைத் தந்தார்கள். நான் காசு கொடுத்தேன், முதலாளி மாதிரி. இடப்பக்க லேனுக்கு மாறும்போது நிரோவுக்குப் பின்னால் வருவது முழுக்கத் தெரியாது. நான் தலையைத் திருப்பிப் பார்த்து, வா என்றால் மாறுவாள், நில் என்றால் நிற்பாள். இடப்பக்கம் ஆள் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். ஒருக்கால் நான் பிந்திச் சொல்லிவிட்டேன், ஒரு கார்க்காரன் கோர்ன் அடித்துப் போனான். கொண்டக்ரர் வேலையிலிருந்து என்னை நிற்பாட்டப் போவதாக நிரோ சொன்னாள்.

நியூ பிரன்ஸ்விக் முழுக்க மழை. கிராண்ட் ஃபோல்ஸ் தாண்டி, பின்னேரம் நாலு மணி போல, சூடு காட்டுகிற முள் ஏறத் தொடங்கியது. நிரோ வண்டியை ஓரம் கட்டினாள். அவள் இறங்கினது புல்லுப் பக்கம். என் பக்கம் பெருந்தெரு. எனக்கு அது அப்போது மூளையில் படவில்லை. இறங்கி உதவி செய்வோம் என்று கதவைத் திறந்தேன். பாரம் ஏற்றின ட்ரக் ஒன்று பக்கத்தால் போனது. அந்தக் காற்று கதவை என் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கம் அடித்தது. நான் சீற்றில் விழுந்தேன். ஒரு காலைக் கீழே வைத்திருந்தால் இன்றைக்கு இதை எழுத ஆள் இல்லை.

அரை மணித்தியாலத்தில் வண்டி இழுக்கிற ட்ரக்காரர் வந்தார். பிரெஞ்சு கலந்த ஆங்கிலம். பழக்கத்தில் இடப்பக்க யன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்து, ஸ்ரியரிங்கைக் காணாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி ஓட்ட ஆகவும் வயசு போய்விட்டது என்று நினைத்தாராம். றேடியேற்றர்க் குழாய் வெடித்திருக்கிறது, கட்டி இழுக்க வேண்டும், கிழவி இறங்கவேண்டும் என்றார். மற்றப் பக்கத்தால் இறங்க வழியில்லை. இந்த வானில் எஞ்சின் இரண்டு சீற்றுக்கும் நடுவில் பெட்டி மாதிரி எழும்பி நிற்கும், அதைத் தாண்ட என் முழங்கால் மடியாது. அதனால் அந்த மனிசன் தன்னுடைய பெரிய ட்ரக்கைப் பின்னால் எடுத்து, லேனில் பாதியை மறித்து நிற்பாட்டி, எல்லா லைற்றும் போட்டு, தானும் றோட்டில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருக்க, நிரோ என்னைத் தூக்கி இறக்கினாள்.

என்னைப் புல்லில் விட்டுப்போட்டு அவள் திரும்பி வானைப் பார்த்தாள். பிறகு றோட்டுப் பக்கம் போய், ஆக்கள் ஏறுகிற இழுவைக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மழை கொட்டுகிறது. இங்காலை வா என்று கூப்பிட்டேன்.

"அம்மம்மா, என்ர பேஷன்ற்ஸ் எல்லாரும் இந்தப் பக்கத்தாலதான் இறங்கப் போயினம்."

"வான் கதவு எப்பவும் இந்தப் பக்கம்தானே பிள்ளை."

"ஊரில, அம்மம்மா. ஊரில."

அப்போதுதான் எனக்கு விளங்கினது. யப்பானிலும் எங்கள் ஊரிலும் வண்டி இடப்பக்கத்தால் ஓடும். இடப்பக்கக் கதவைத் திறந்தால் கடை வாசல், வேலி, ஒழுங்கை. இங்கே வண்டி வலப்பக்கத்தால் ஓடும். அதே கதவைத் திறந்தால் நடு றோட்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் இருந்து பார்த்தோம், ஒருத்தருக்கும் படவில்லை. கதவு எங்களுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தது, அதனால் அதைப் பார்க்கவே இல்லை. இங்கே பிறந்த பிள்ளை நிரோவும், அப்பா வான் ஓட்டினவர், அம்மம்மா வானில் திரிந்தவ, இவர்களுக்குத் தெரியாததோ என்று விட்டுவிட்டாள். யார்ட், டீசல் கடை என்று நாங்கள் நின்ற இடமெல்லாம் விரிந்த வளவு. எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒன்றுதான்.

குழாய் மாற்ற எட்மண்ட்ஸ்ரனில் 236 டொலர், இழுத்ததற்கு 180, மோட்டலுக்கு 129. அடுத்த நாள் கியூபெக் முழுக்க நிரோவுக்கு ஒரே யோசனை. ஆர் ஆருடைய வீட்டுக்கு ட்ரைவ்வே இருக்கிறது, ஆர் பஸ் ஓடுகிற றோட்டில் என்று தனக்குள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். ஸ்காபுரோ ஆக்கள் பெரும்பாலும் சரி, வளவுக்குள் நிற்பாட்டலாம். பிசகுகிற நாலைந்து பேரில் முதல் ஆள் சவிரியண்ணை. அவருடைய வாசலில், நடு றோட்டுத் தண்டவாளத்தில், ஸ்ரீற்கார் ஓடுகிறது. மொன்றியல் கிட்ட வரும்போது அவரே போன் எடுத்தார். வான் எவ்வளவு தூரம் வந்திட்டுது என்று கேட்டார். "முதல் ஆள் நான்தான் பிள்ளை, ஆரையும் இடையில ஏத்திப்போடாதை" என்றார். நிரோ ஓம் அங்கிள் என்றாள். கதவு விசயத்தை எடுக்கவில்லை.

401 பெருந்தெருவில் ஏறி மூன்றாம் நாள் பின்னேரம் அஜக்ஸ் வந்தோம். டீசல் எல்லாமாக 338 டொலர்.

இனிப் பதிகிற கதை. ஒன்ராறியோவில் பதிய, லைசன்ஸ் உள்ள கராஜ் ஒன்று வண்டி பாதுகாப்பானது என்று சான்றிதழ் தரவேண்டும். எங்களுக்கு முன் லைற் இரண்டும் மாற்ற வேண்டி வந்தது. இடப்பக்கத்தால் ஓடுகிற நாட்டு லைற்றின் வெளிச்சம் இங்கே எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்கும். பிறேக் குழாய், இரண்டு ரயர். எல்லாம் 1,315. கதவு றோட்டுப் பக்கம் திறக்கிறது என்று ஒருத்தரும் குறை சொல்லவில்லை. அது பரிசோதனையில் இல்லை. சுங்கத்தில் ஒரு வரி கட்டினோம், பதியும்போது மாகாண வரி என்று மிச்சத்தையும் வாங்கினார்கள்.

இன்சூரன்ஸ்தான் ஆளைக் கொன்றது. பழசு, வலப்பக்க ஸ்ரியரிங், தொழிலுக்கு, அதுவும் வயசாளிகள் ஏறி இறங்குகிற தொழிலுக்கு. கேட்ட இடமெல்லாம் இல்லை. ஒரு புறோக்கர் தம்பி, கிளாசிக் வண்டி என்று போடுவோம், வருஷத்துக்கு அறுநூறுதான், ஆர் வந்து பார்க்கப் போகினம் என்றார். கிளாசிக் என்று போட்டால் ஞாயிற்றுக்கிழமை காட்சிக்கும் உலாத்துக்கும்தான் ஓடலாம், வேலைக்கு ஓடேலாது. என்னை நம்பிக் காலைத் தருகிற ஆக்களைப் பொய்யில் ஏற்றமாட்டன் என்று நிரோ எழும்பி வந்துவிட்டாள். ஒழுங்கான இன்சூரன்ஸ் கிடைக்க தை மாதம் நடுப்பகுதி ஆகிவிட்டது. வருஷத்துக்கு 4,720.

இதற்கிடையில் கதவுக்கு வழி தேடினோம். வலப்பக்கம் புதிதாக ஒரு கதவு வெட்டலாமோ என்று வண்டித் தகரம் வெட்டி ஒட்டுகிற இரண்டு பொடி ஷொப்பில் மருமகன் கேட்டார். அந்தப் பக்கம் வெட்டினால் வண்டியின் பலம் போய்விடும், சான்றிதழும் போய்விடும் என்றார்கள். பின்கதவால் ஏற்ற மூன்று படி செய்து பார்த்தோம். கால் விறைத்த ஆளுக்கு அது மலை. தெருவில் பின்னால் கார் முட்டிக்கொண்டு நிற்கும், படி வைக்க இடமும் இராது. அந்த நாட்களில் நிரோ சவிரியண்ணையிடம் எத்தனையோ தரம் கெஞ்சினாள், நான் வான் இல்லாமலே வருகிறன், அறைக்கு வெளியே வைத்தாவது பார்க்கிறன் என்று. வான் வரட்டும் என்பதுதான் மறுமொழி.

தை கடைசியில் பார்க்டேல் போனோம். நானும் போனேன். நடைபாதை ஓரத்தில் பனிக் குவியல், வான் அதை முட்டிக்கொண்டு நின்றது. அந்த ட்ரக்காரர் செய்தது மாதிரிச் செய்வோம் என்று நிரோ யோசித்திருந்தாள். றோட்டுப் பக்கம் நாலு செம்மஞ்சள் கோன் வைத்தாள். எனக்கு ஒரு செம்மஞ்சள் மேற்சட்டை போட்டு, கோனுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டச் சொன்னாள். சவிரியண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். சவரம் எடுத்து, தலைமயிரை வாரி இழுத்து, இஸ்திரி போட்ட சேட். நடைபாதையில் நின்று வானை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்தது கண்ணாடியும் தகரமும் மட்டும்.

"உன்ர பேத்தி எனக்குக் கதவில்லாத வானெல்லோ கொண்டந்திருக்கிறாள், தங்கச்சி."

நிரோ அவருடைய கையைப் பிடித்து வானைச் சுற்றிக் கூட்டி வந்தாள். பின் மூலை வரை வந்தார். ஸ்ரீற்கார் ஒன்று மணி அடித்துக்கொண்டு வந்து, எனக்கு இரண்டு முழம் தள்ளிப் போனது. பின்னால் வந்த கார்க்காரன் கோர்னில் கை வைத்தபடி நின்றான். ஒரு கோன் விழுந்து உருண்டது. சவிரியண்ணை பின் லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, கதவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நீ அதில நில்லாதை. இங்காலை வா. என்ர காலுக்காக நீ அடிபட வேண்டாம்."

நான் வரவில்லை, ஏறுங்கோ அண்ணை என்றேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வாசல்படியில் இருத்தி ஒருக்கால் பார்க்கிறன் என்று நிரோ பின்னால் ஓடினாள். நடு றோட்டில் காலைக் காட்டமாட்டன் என்றார். அப்படியென்றால் ஞாயிறு பூசைக்கு வருவீர்கள்தானே, கோயில் வளவுக்குள் வானை விடுகிறன் என்றாள். அதற்கு ஓம் என்றார். கால் எப்படி என்று கேட்டதற்குச் சுகம் என்றார்.

ஞாயிறு நாங்கள் வளவில் ஹீற்றர் போட்டுக்கொண்டு, தண்ணீர் சூடாக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். பூசை முடிந்து சனம் முழுக்கப் போய், கோயில் கதவும் பூட்டியாயிற்று. அவர் வரவில்லை. நாங்கள் அடித்த போனையும் எடுக்கவில்லை. நிரோ அவருடைய கட்டிடத்துக்குப் போய்க் கதவில் தட்டினாள். சளித் தடிமன், பிறகு பார்ப்போம் என்று உள்ளே இருந்தபடி சொன்னாராம். அதற்குப் பிறகு நாங்கள் கேள்விப்பட்டது ஆஸ்பத்திரியிலிருந்துதான். இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நிரோ ஒரு கிழமை வானைத் தொடவில்லை. பிறகு ஸ்காபுரோவில் காத்திருந்த ஆக்கள் போன் மேலே போன் அடிக்க, எழும்பிப் போனாள். இன்றைக்கும் ஓடுகிறாள். வளவுகளுக்குள் மட்டும்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. விலை பார்க்க முதல் கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கோ. இரண்டு பக்கமும் கதவு உள்ளதும் யப்பானில் இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும். சாமான் மட்டும் ஏற்றப் போகிறீர்கள் என்றாலும், தெருவில் நிற்பாட்டிச் சாமான் இறக்கப் போவது ஒரு ஆள்தான், அவர் றோட்டில்தான் நிற்பார். வண்டி வாங்க முதல் இன்சூரன்ஸை எழுத்தில் எடுங்கோ, தொழிலுக்கு என்று உண்மையைச் சொல்லியே எடுங்கோ. முன் லைற்றுக்குக் காசு ஒதுக்குங்கோ. பெருந்தெருவில் வண்டி நின்றால் இடப்பக்கம் இருக்கிற ஆள் கதவைத் திறக்கவே வேண்டாம், உதவி வரும்வரை பெல்ற் போட்டபடி இருங்கோ. பனிக்காலத்துக்கு முதல் பதிந்து முடிக்கலாம் என்று ஆருக்கும் வாக்குக் கொடுக்காதையுங்கோ. விதிகள் மாறும், எங்களுக்கு நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். வான் நல்ல வான். கியூபெக் குளிரிலும் முதல் திருப்பில் ஸ்ராட் ஆனது. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சவிரியண்ணை இப்போது ரெக்ஸ்டேலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அஜக்ஸிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீற்றர். பெரிய வளவு, வானை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் சரி. ஆனால் அவர் கீழே இறங்கி வருவதில்லை. நிரோ பையைத் தூக்கிக்கொண்டு மேலே போவாள். போன சனி நானும் போயிருந்தேன். வலது காலைத் தண்ணீரில் வைத்து, நகம் வெட்டி, குதிக்கால் வெடிப்புக்குக் கிறீம் பூசி, விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தவுடன் தலையணைக்குக் கீழிருந்து காசை எடுத்து எண்ணினார். அவரிடம் காசு வேண்டாம் என்று சொல்லேலாது, கோபம் வரும்.

"ஒரு கால்தானே பாத்தனி பிள்ளை. பாதிதான் தருவன்."

நிரோ கையை நீட்டிப் பாதியை வாங்கினாள். எண்ணிப் பார்த்து, சரி அங்கிள் என்று சொல்லிப் பைக்குள் வைத்தாள்.